பதினான்கு சென்டிமீட்டர் ஓட்டை

2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. இங்கிலாந்தின் டார்செட் வட்டாரத்தில் விடியற்காலை முதல் தூறல். தென்மேற்கிலிருந்து மிதமான காற்று. வெயிலுக்கு வாய்ப்பில்லை என்று வானொலி அறிவித்தது. வாய்ப்பிருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. அன்று காலை ஏழு மணி இருபது நிமிடத்திற்கு, லார்க்ஃபோல்ட் இல்லத்தின் மாடியறையில், படுக்கையில் சாய்ந்தபடி தேநீர் அருந்திக்கொண்டிருந்த கிளெமென்ட் கல்லிமோரின் கோப்பைக்குள் கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

“ஹெஸ்டர், இதுல பால் ஊத்திட்டியா?” என்று கேட்டார் கிளெமென்ட்.

“அப்பவே ஊத்தியாச்சே.”

“அப்ப இது மழைதான்.”

அவருடைய மனைவி ஹெஸ்டர் அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கிக்கு வலப்புறம், வைக்கோல் கூரையின் நடுவே, உள்ளங்கையளவு வானம் தெரிந்தது. ஹெஸ்டருக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றியவர்; புண்ணைக் கண்டால் உடனே கட்டுப் போட வேண்டும் என்பதற்கு மேல் வேறு தத்துவம் அறியாதவர். கிளெமென்டின் நுரையீரல் ஏற்கெனவே நலிந்திருந்தது. ஈரமான அறையில் இன்னொரு குளிர்காலத்தைக் கழித்தால் அவர் பிழைப்பது அரிது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வீட்டில் பதினாறு அறைகள் உண்டு; அவற்றுள் கணப்பு ஒழுங்காக எரிவது இந்த ஓரறையில் மட்டுமே.

பதினாறு அறைகள் கொண்ட அந்த வீடு ‘குடிசை’ என்றே ஆவணங்களில் குறிக்கப்பட்டிருந்தது. 1809ஆம் ஆண்டில் அதனைக் கட்டிய ஜோசையா மெரிவேல் என்பவர், சர்க்கரை வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். அக்காலத்தில் செல்வர்களுக்கு ஏழையாகத் தோன்ற வேண்டும் என்ற ஆசை பிறந்திருந்தது. ஏழைகளுக்கு அந்த ஆசை பிறக்கவில்லை. எனவே மெரிவேல் பளிங்குத் தூண்களை ஒதுக்கிவிட்டு, பட்டை உரிக்காத மரங்களையே முகப்பில் நிறுத்தினார். நேராக நின்ற சுவரை இடித்துச் சற்றே சாய்வாகக் கட்டச் செய்தார். காதுவரை இழுத்துவிட்ட தொப்பியைப் போல வைக்கோல் கூரை வேயப்பட்டது. அறைக்கு உட்கூரை அமைப்பது ஆடம்பரம் என்று கருதி, அதனையும் தவிர்த்தார். பிறகு ஏழைக் குடியானவரைப்போல் உடுத்திக்கொண்டு, பதினொரு பணியாளர்கள் பரிமாற, அங்கே எளிமையாக வாழ்ந்தார்.

இத்தகைய வீடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அனுமதியின்றி அவற்றில் ஓர் ஆணி அடித்தாலும் குற்றவியல் வழக்கு உண்டு.

ஊரில் கூரை வேயும் டக்கெட், ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“ரெண்டு கட்டு வைக்கோல், அரை நாள் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருவேன்மா.”

“அப்ப நாளைக்கே ஆரம்பிச்சிருங்க, டக்கெட்.”

“நாளைக்கா? காகிதம் எங்க? காகிதம் இல்லாம நான் ஏணிய சாத்துனா, என்னைத் தூக்கி உள்ள வெச்சிருவாங்க. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. தண்ணி நேரா உத்தரத்துல இறங்குது. ரெண்டு குளிர்காலம் தாங்கும். மூணாவது வந்தா மொத்தக் கூரையும் உங்க கட்டில்ல வந்து படுத்துக்கும்.”

“எனக்குத் துணையாச்சு,” என்றார் கிளெமென்ட், குடையை விரித்தபடி.

ஹெஸ்டர் விண்ணப்பித்தார். விண்ணப்பம் முப்பத்தாறு பக்கங்கள் கொண்டது. ‘இப்பணியினால் வௌவால்கள் மனவுளைச்சல் அடையுமா?’ என்ற வினாவிற்கு, ‘என் கணவர் அடைந்திருக்கிறார்’ என்று எழுதினார். அது பொருந்தாத விடை என்று திருப்பி அனுப்பப்பட்டது.

ஐந்து வாரங்கள் கழித்து, மாவட்ட மன்றத்தின் பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அலுவலர் பியர்ஸ் அட்டர்பரி நேரில் வந்தார். வயது முப்பத்து நான்கு. கடையிலேயே முழங்கையில் ஒட்டுப் போட்டு விற்கப்படும் விலையுயர்ந்த மேலங்கியை அணிந்திருந்தார். அறைக்குள் நுழைந்ததும் நீல நிற நெகிழி வாளியைக் கண்டு, இழவு வீட்டிற்குள் நுழைந்தவரைப்போல் முகம் வாடினார்.

“மேடம், இந்த வாளி...”

“தண்ணி பிடிக்கிறதுக்குங்க.”

“புரியுது. ஆனா இந்தக் கட்டடத்தோட காலத்துக்குப் பொருந்தலையே. தகர வாளியா இருந்தா மனசுக்கு நிறைவா இருக்கும்.”

பிறகு அவர் சொட்டுக்கு நேர்கீழே நின்று, கண்களை மூடிக்கொண்டார். சொட்டு அவருடைய நெற்றியில் விழுந்தது. கூசாமல் புன்னகைத்தார்.

“இந்த ஓட்டை எப்போலேருந்து இருக்கு?”

“போன மாசம் பதினொண்ணாந் தேதி, காலைல ஏழு இருபதுக்கு வந்துச்சு.”

“அது நீங்க பார்த்த நேரம். ஓட்டை வந்த நேரம் இல்லையே! அதுக்கு முன்னாடி ஓட்டை இல்லைங்கிறதுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?”

“அதுக்கு முன்னாடி என் புருஷன் நனையலையே!”

“அவர் இருநூறு வருஷமா இங்க படுத்திருந்தா அதை ஏத்துக்கலாம்.”

“அப்படித்தான் எனக்குத் தோணுது,” என்றார் குடைக்குள்ளிருந்து கிளெமென்ட்.

அட்டர்பரி அதனையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். 1811ஆம் ஆண்டில் வரையப்பட்ட லார்க்ஃபோல்ட் இல்லத்தின் ஓவியம் ஒன்று வட்டார ஆவணக் காப்பகத்தில் இருப்பதாகவும், அதன் நகல் அலுவலகத்தில் உள்ளதாகவும், ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவு தெரிவிக்கப்படும் எனவும் கூறி விடைபெற்றார்.

முடிவு பிப்ரவரியில் வந்தது. மடல் பின்வருமாறு:

‘தங்களின் விண்ணப்பம் மிகுந்த அக்கறையுடன் ஆராயப்பட்டது. மேற்படி ஓவியத்தின் நகலில், கூரைப்பரப்பின்மீது தெளிவான கரிய வட்டம் ஒன்று காணப்படுகிறது. சிதைவில் அழகு கண்ட அக்கால ரசனையின்படி, கட்டடக் கலைஞர் இவ்வோட்டையைத் திட்டமிட்டே அமைத்தார் என்பது இதனால் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படுகிறது. இவ்வோட்டை பின்னாளில் அறியாதோரால் அடைக்கப்பட்டிருக்கக்கூடும். இயற்கை அதனை மீட்டுத் தந்துள்ளமை மகிழ்ச்சிக்குரியது. ஓட்டையை மூட அனுமதி மறுக்கப்படுகிறது. அதனை நன்னிலையில் வைத்திருப்பது தங்களின் சட்டப்பூர்வக் கடமையாகும்.’

நகலையும் இணைத்திருந்தார்கள். ஹெஸ்டர் அதனைச் சன்னலருகே கொண்டு சென்று பார்த்தார். கரிய வட்டம் இருந்தது உண்மை. ஆனால் அது புகைபோக்கிக்கு இடப்புறம் இருந்தது. அன்றே அட்டர்பரிக்குத் தொலைபேசினார்.

“சார், எங்க ஓட்டை வலப்பக்கம். படத்துல இருக்கிறது இடப்பக்கம்.”

“ஓவியர் வீட்டுக்குப் பின்னாடி நின்னு வரைஞ்சிருப்பார், மேடம்.”

“படத்துல வாசக்கதவு தெரியுதே!”

“அது கலைஞரோட சுதந்திரம்.”

ஹெஸ்டர் தொலைபேசியை வைத்தார்.

“யாரை நொந்து என்ன பண்றது?” என்றார் கிளெமென்ட். “தொண்ணூத்தி நாலுல, எலும்பு உறையுற குளிர்ல அந்தப் பேஜட் அம்மா ரெட்டைக் கண்ணாடி சன்னல் வெச்சப்ப, ஊர்ல கையெழுத்து வாங்கிக் கழட்ட வெச்சது யாரு? பழைய வீடுங்க பாதுகாப்புச் சங்கத்தோட முதல் செயலாளர் யாரு?”

“அது வேறங்க. அது பார்க்க அசிங்கமா இருந்துச்சு.”

“ஆமா. நான் நனையறது பார்க்க அழகா இருக்கு.”

ஹெஸ்டர் வாளியை எடுத்துச் சென்று கொட்டிவிட்டு வந்தார்.

அவ்வாண்டு கோடையும் கோடையாக இல்லை. ஜூலையில் அட்டர்பரி அளவுநாடாவுடன் வந்தார். ஓவியத்தின் அளவுமுறைப்படி கணக்கிட்டதில், ஓட்டையின் உரிய விட்டம் பதினான்கு சென்டிமீட்டர். இப்போதைய விட்டமோ இருபத்திரண்டு.

“மேடம், இது ரொம்ப வருத்தமான விஷயம். அனுமதி இல்லாம எட்டு சென்டிமீட்டர் பெருசாக்கியிருக்கீங்க.”

“நான் எங்கங்க பெருசாக்குனேன்? மழை பண்ணுன வேலை!”

“மழைகிட்டேருந்து எங்களுக்கு விண்ணப்பம் எதுவும் வரலையே!”

“எனக்கும் வரலை. அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது.”

இருபத்தெட்டு நாட்களுக்குள் ஓட்டையைப் பதினான்கு சென்டிமீட்டருக்குக் குறைக்குமாறு அறிவிப்பு வந்தது. டக்கெட் வரவழைக்கப்பட்டார். நிபந்தனைகளைப் படித்துக் காட்டினார் ஹெஸ்டர்: புதிய வைக்கோல் பழையதனோடு முழுமையாக ஒத்திருக்க வேண்டும், அதே வேளையில், பிற்கால ஆராய்ச்சியாளர்கள் ஏமாறாதிருக்கும் பொருட்டு, பழையதிலிருந்து தெளிவாக வேறுபட்டிருக்கவும் வேண்டும்.

“அதாவது ஒரே மாதிரியும் இருக்கணும், வேற மாதிரியும் இருக்கணும். அவ்வளவுதானே?” என்றார் டக்கெட். “என் பொண்டாட்டிகூட முப்பது வருஷம் குப்பை கொட்டுனவன் நான். இதெல்லாம் எனக்குச் சாதாரணம்.”

“டக்கெட், கை தவறி முழுசா மூடிருங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?”

“அம்மா, கீழ பாருங்க.”

தோட்டத்தில், மழைக்கோட்டுடன் அட்டர்பரி நின்றிருந்தார். கையில் தொலைநோக்கி இருந்தது.

ஓட்டை பதினான்கு சென்டிமீட்டருக்கு வந்தது. செப்டம்பர் மழையில் மீண்டும் பதினேழாயிற்று. இம்முறை மன்றம் கவலை கொண்டது. ஓட்டையின் விளிம்பு மழையினால் சேதமுறுகிறது. எனவே ஓட்டையை மழையிலிருந்து காக்க வேண்டும். அதற்காகக் கூரையின்மீது சாரம் கட்டித் தகரப் பந்தல் அமைக்கப்படும் என்று அட்டர்பரி வந்து அறிவித்தார். ஹெஸ்டருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. வழி எதுவாயினும் கிளெமென்ட் நனையமாட்டார் அல்லவா? அலுவலரின் கையைப் பற்றிக்கொண்டு நன்றி கூறினார். கேக் வெட்டிக் கொடுத்தார்.

பந்தல் அமைந்த அன்று இரவு மழை பெய்தது. கிளெமென்ட் நனைந்தார். விடிந்ததும் ஹெஸ்டர் வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தார். தகரத்தில், ஓட்டைக்கு நேர்மேலே, பதினான்கு சென்டிமீட்டரில் ஓர் ஓட்டை வெட்டப்பட்டிருந்தது.

“விளிம்பைத்தானே மேடம் காப்பாத்தணும்!” என்று தொலைபேசியில் விளக்கினார் அட்டர்பரி. “நடுவுல மழை விழணும். மழைக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருநூறு வருஷத்து உறவு இருக்கு. அதைத் துண்டிக்க நாம யாரு?”

இதற்கிடையே, பளபளப்பான தாளில் அச்சாகும் வீட்டு அலங்கார இதழ் ஒன்று லார்க்ஃபோல்ட் ஓட்டையைப் பற்றி ஆறு பக்கங்கள் எழுதியது. ‘வானத்தை வீட்டிற்குள் அழைத்தல்’ என்பது தலைப்பு. லண்டனிலிருந்து வந்து ஊரில் குடியேறியிருந்த இமோஜன் ஃபேரன்ட் என்னும் சீமாட்டி, அதனை வாசித்துவிட்டு நேரே ஹெஸ்டரிடம் வந்தார்.

“ஹெஸ்டர் டியர், உங்க ஓட்டையோட அளவு எவ்வளவு? எங்களுக்கும் அதே மாதிரி ஒண்ணு போடப் போறோம்.”

“நல்லா இருக்கிற கூரையிலயா?”

“நல்லா இருக்குங்கிறதுதான் பிரச்சினையே! உயிரே இல்லை பாருங்க. எங்க வீட்டுக்காரர் சொல்றார், நனையாத வீட்டுல ஆன்மா இருக்காதாம்.”

“உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க?”

“துபாய்ல இருக்கார்.”

லார்க்ஃபோல்ட்டை முன்மாதிரியாகக் காட்டியதால் மன்றம் உடனே அனுமதி தர, ஃபேரன்ட் இல்லத்தில் ஓட்டை இடப்பட்டது. அடுத்து ஊர்ப் பாதிரியார் வீட்டில். அடுத்து அஞ்சல் நிலையத்தில். ஓராண்டிற்குள் நாற்பத்தொரு வீடுகளில் ஓட்டைகள் இடப்பட்டன. ஓட்டை இல்லாத வீட்டார் விருந்துகளில் ஒதுக்குப்புறமாக அமர்த்தப்பட்டனர். முற்பகல் வேளைகளில் சீமாட்டிகள் மெல்லிய குடைகளின் கீழமர்ந்து தேநீர் அருந்தி, இருமி, ஒருவர் இருமலை மற்றவர் பாராட்டினர். டக்கெட்டுக்கு மூச்சுவிட நேரமில்லை.

“மூடத்தான் படிச்சேன்மா,” என்றார் அவர், ஹெஸ்டரின் முகத்தைப் பார்க்காமல். “தொறக்கத்தான் கூப்பிடறாங்க.”

2013ஆம் ஆண்டு நவம்பரில், உத்தரத்தில் கைவிரல் நுழையுமளவு பிளவு கண்டது. கிளெமென்ட் இரவெல்லாம் இருமினார். ஹெஸ்டர் பேருந்தேறி ஆவணக் காப்பகத்திற்குச் சென்றார். நகலைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மூல ஓவியத்தையே ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றிற்று. இரண்டு ஆண்டுகளில் மன்றத்தைச் சேர்ந்த ஒருவருக்கேனும் தோன்றாத எண்ணம் அது.

காப்பாளரான பான்ஸ்ஃபோர்ட் அம்மையார் தட்டையான பெட்டி ஒன்றைத் திறந்து, வெள்ளை அட்டையின்மீது ஓவியத்தை வைத்தார். அந்த அழகிய கூரையில், புகைபோக்கிக்கு இடப்புறம், கரிய வட்டம் எதுவும் இல்லை. அங்கே வெள்ளை வட்டம் இருந்தது.

“இது என்னங்க?”

“எது? இதுவா? பூச்சி அரிச்சிருக்கு.” பான்ஸ்ஃபோர்ட் அம்மையார் தாளைத் தூக்கிப் பிடித்தார். வட்டத்தின் வழியே அவருடைய கண் தெரிந்தது. “தாள்ல ஓட்டைங்க. பின்னாடி இருக்கிற அட்டைதான் வெள்ளையா தெரியுது.”

“ஆனா நகல்ல கறுப்பா இருந்துச்சே!”

“நகல் எடுக்கறப்ப அடியில கறுப்புத் துணி விரிப்போம். ஓட்டை வழியா துணி தெரிஞ்சிருக்கும். ஏங்க, உக்காருங்க. தண்ணி வேணுமா?”

“தண்ணி மட்டும் வேணாம்,” என்றார் ஹெஸ்டர். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்பது பான்ஸ்ஃபோர்ட் அம்மையாருக்கு விளங்கவில்லை.

பான்ஸ்ஃபோர்ட் அம்மையார் எழுத்துமூலம் சான்றளித்தார். மாவட்ட மன்றத்தின் சிறப்புக் கூட்டம் டிசம்பர் ஒன்பதாம் நாள் கூடியது. அரங்கு நிரம்பியிருந்தது. நாற்பத்தொரு வீட்டாரும் வந்திருந்ததைக் கண்டு, தமக்கு ஆதரவாகத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஹெஸ்டர் நெகிழ்ந்தார்.

அட்டர்பரி சான்றினைப் படித்து முடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பூச்சிங்கிறதை நாங்க மறுக்கலை. ஆனா பூச்சியும் வரலாற்றோட ஒரு பகுதிதான். அது எந்த வருஷம் அரிச்சதுன்னு மேடம் நிரூபிக்கலை.”

“அது காகிதத்தைத்தானே அரிச்சுது! என் கூரையை அரிக்கலையே!” என்று எழுந்தார் ஹெஸ்டர். “சார், என் புருஷன் சாகக் கிடக்கார். உத்தரம் பிளந்துட்டுது. ரெண்டு கட்டு வைக்கோல். அரை நாள் வேலை.”

அப்போது இமோஜன் ஃபேரன்ட் கையில் ஒரு தாளுடன் எழுந்தார்.

“எங்களுக்கு ஹெஸ்டர் மேல ரொம்பப் பிரியம். ஆனா அவங்க கொஞ்சம் ஊரையும் நெனைச்சுப் பார்க்கணும். எங்க ஓட்டையெல்லாம் அவங்க ஓட்டையைப் பார்த்துப் போட்டது. அதை மூடிட்டா, எங்க ஓட்டைக்கெல்லாம் என்ன மரியாதை? சும்மா ஒழுகற வீடுன்னுதானே சொல்வாங்க?”

நாற்பத்தொரு வீட்டாரும் கையொப்பமிட்ட மனு அது. பாதிரியாரும் கையொப்பமிட்டிருந்தார்.

மன்றம் ஒருமனதாக இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. முதலாவது: லார்க்ஃபோல்ட் ஓட்டை தோற்றத்தால் பழமையானது அன்றெனினும், தாக்கத்தால் வரலாற்றுச் சிறப்பு எய்திவிட்டமையால், தொடர்ந்து பாதுகாக்கப்படும். இரண்டாவது: விலைமதிப்பற்ற 1811ஆம் ஆண்டு ஓவியத்தில் ஓட்டை விழுந்திருப்பது நாகரிகச் சமுதாயத்திற்குப் பெரும் இழுக்கு, அது உடனடியாகச் சீர்செய்யப்படும்.

ஓவியம் ஒன்பது நாட்களில் சீர்செய்யப்பட்டது.

பின்னர் நிகழ்ந்தவை வருமாறு. ஹெஸ்டர் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரமே கிளெமென்டை அழைத்துக்கொண்டு, பக்கத்து நகரத்தில் கான்கிரீட் கூரை கொண்ட சிறிய அடுக்ககத்திற்குக் குடிபெயர்ந்தார். பிப்ரவரியில் வீசிய புயலில் லார்க்ஃபோல்ட் இல்லத்தின் உத்தரம் முறிந்து, கூரை முழுவதும் தரையில் விழுந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. உலர்ந்த அறையில் கிளெமென்டின் இருமல் ஏப்ரலில் குணமாயிற்று. அட்டர்பரி பதவி உயர்வு பெற்றுத் தலைநகருக்குச் சென்றார்.

அவருக்குப்பின் பொறுப்பேற்ற பெண் அலுவலர் கடமையுணர்வு மிக்கவர். சீர்செய்யப்பட்ட ஓவியத்தின் புதிய நகலை வரவழைத்து ஆராய்ந்தார். அதில் எந்த வட்டமும் இல்லை. ஆகவே லார்க்ஃபோல்ட் இல்லத்தில் ஒருபோதும் ஓட்டை இருந்ததில்லை என்றும், அதனைப் பார்த்து இடப்பட்டவை அனைத்தும் சட்டத்திற்குப் புறம்பானவை என்றும் முடிவு செய்து, நாற்பத்தொரு வீட்டாருக்கும் அறிவிப்பு அனுப்பினார். ஓட்டைகளை மூடியே ஆக வேண்டும். மூடுவதற்கு முன் அனுமதி பெற்றாக வேண்டும். அனைவரும் முப்பத்தாறு பக்கங்களையும் நிரப்பி அனுப்பினர்.

விண்ணப்பங்கள் மூப்பு வரிசைப்படி எடுத்துக்கொள்ளப்பட்டன. 2011ஆம் ஆண்டில் ஹெஸ்டர் அளித்து மறுக்கப்பட்டிருந்ததே முதலாவதாக இருந்தமையால், அதற்கு உடனே அனுமதி வழங்கப்பட்டது. அப்பணி நிறைவுற்றதாகச் சான்று கிடைத்த பின்னரே ஏனைய நாற்பத்தொன்றும் பரிசீலிக்கப்படும் என்று விதியில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. கூரையே இப்போது இல்லை என்று ஹெஸ்டர் ஒருமுறை எழுதினார். கூரை வேண்டும் என்றால் அதற்குத் தனியே விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அவர் விண்ணப்பிக்கவில்லை.

ஊரார் அவ்வப்போது, நனைந்த கோட்டுடன், அடுக்ககத்தின் நான்காம் மாடிக்கு ஏறிவந்து, எப்படியாவது அந்த ஓட்டையை மூடித்தருமாறு ஹெஸ்டரைக் கெஞ்சுகிறார்கள்.